மிக்கி மவுசுக்குத் தோள் வார் உண்டா?

கடலூர் வெள்ளிக் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை மாலை நேரம்.

அலைகள் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்புகின்றன. சுண்டல்காரர் குரல் கொடுத்துக்கொண்டே போகிறார்.

ஈர மணலில் இரண்டு குழந்தைகள் குந்தி இருக்கிறார்கள். அண்ணனுக்குப் பத்து வயது இருக்கும். தங்கைக்கு எட்டு வயது. அண்ணன் கையில் ஒரு குச்சி. அதைக்கொண்டு மணலில் அவன் படம் வரைகிறான்.

நீண்ட இரண்டு காதுகள். உருண்டைக் கன்னங்கள். மின்னல் போல் வளைந்த வால். ஆம்! அதுதான் ‘பிக்காச்சு’. ஜப்பான் நாட்டுக் கார்ட்டூன் படங்களில் வரும் மஞ்சள் நிறக் குட்டிப் பிராணி.

காய்ந்த கடற்பாசியைக் கிள்ளி, இரண்டு காதுகளின் நுனியிலும் வைத்தான் பையன். அது கறுப்பு நிறத்துக்காக. பிறகு வால் நுனியிலும் கொஞ்சம் வைத்தான்.

“அண்ணா! வாலிலே கறுப்பு கிடையாது!” என்று கத்தினாள் தங்கை.

“உண்டு!”

“கிடையாது!”

“உண்டுன்னா உண்டு. நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன்!”

சண்டை முற்றிவிட்டது. அருகில் நின்ற நான் என் கைபேசியில் பிக்காச்சுவின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். காது நுனி கறுப்பு. வாலின் அடியில் கொஞ்சம் பழுப்பு. வால் நுனியோ சுத்த மஞ்சள்!

தங்கை கைகொட்டிச் சிரித்தாள். அண்ணன் முகம் வாடிவிட்டது. “படத்தை மாத்திட்டாங்க” என்று முணுமுணுத்தான்.

தாத்தா போட்ட போடு

குழந்தைகளின் தாத்தாவும் பாட்டியும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி போதாது, தம்பி. எங்களுக்குத் தெரிந்த கார்ட்டூன் ஒன்றே ஒன்று. மிக்கி மவுஸ். அதை எப்போது கேட்டாலும் அப்படியே சொல்வேன்” என்றார்.

“சரி, சொல்லுங்கள். மிக்கி என்ன உடுத்தியிருக்கும்?”

“சிவப்புக் கால்சட்டை. முன்னால் இரண்டு வெள்ளைப் பொத்தான். கையிலே வெள்ளை உறை. காலிலே மஞ்சள் பூட்ஸ். அப்புறம், கால்சட்டை நழுவாமல் இருக்கத் தோளிலே இரண்டு வார்.”

எல்லாம் சரி. ஆனால் கடைசியாகச் சொன்னது தப்பு. வழக்கமான சிவப்புக் கால்சட்டை உடுப்பில் மிக்கிக்குத் தோள் வார் கிடையாது!

படத்தைக் காட்டினேன். தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“சரி, எலி கிடக்கட்டும். நம்ம ஊர்ச் சங்கதி கேளுங்கள். தில்லை நடராஜரை வருஷத்துக்கு நாலு தடவை தரிசனம் பண்ணுகிறவன் நான். அவர் தூக்கியிருப்பது வலது கால். அதிலே தப்பு வராது.”

“இல்லையே! இடது கால்தானே?” என்றாள் பாட்டி.

அவ்வளவுதான். இப்போது சண்டை பெரியவர்கள் பக்கம் வந்துவிட்டது!

நான் உடனே படத்தைத் தேடிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. மறுநாள் காலையில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

எந்தக் கால்?

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டேன். “வலது” என்றார். எதிர் இருக்கை அம்மாளைக் கேட்டேன். “இடது” என்றார். கண்டக்டரைக் கேட்டேன். “டிக்கெட் வாங்கிவிட்டீர்களா?” என்றார்.

சிதம்பரத்தில் கீழ வீதியில் ஒரு கடை. பித்தளை விக்கிரகங்களும் சாமி படங்களும் விற்கிற கடை. கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் பெரிதும் சிறிதுமாக எத்தனையோ நடராஜர்கள். அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கேள்வியைப் போட்டேன்.

“வலது கால்” என்றார் யோசிக்காமல். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தார். நடராஜரைப் போலவே ஒரு கையை நீட்டினார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலைப் பார்த்தார்.

“அட! இடது கால்!” என்றார்.

ஆம், வாசகர்களே! சிதம்பரம் நடராஜர் ஊன்றியிருப்பது வலது கால். அந்தக் காலின் கீழே முயலகன் கிடக்கிறான். தூக்கியிருப்பது இடது கால். பாட்டி சொன்னதுதான் சரி!

மேலே உள்ள வலது கையில் உடுக்கை. மேலே உள்ள இடது கையில் நெருப்பு. கீழே உள்ள வலது கை ‘அஞ்சாதே’ என்று அபயம் அளிக்கிறது. கீழே உள்ள இடது கை, தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதிரே நிற்பவருக்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நடராஜர் தம் இடது காலை உடலுக்குக் குறுக்கே வீசித் தூக்கியிருக்கிறார். ஆகவே, அந்தப் பாதம் நம்முடைய இடது கைப் பக்கமாகவே தெரிகிறது. ‘நமக்கு இடது பக்கம் தெரிகிறது, ஆகவே சாமிக்கு வலது கால்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் தப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கே போடாமல் சொல்கிறவர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்!

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் வெள்ளியம்பலத்தில் இருக்கும் நடராஜர், வலது காலைத் தூக்கி ஆடுகிறார். ‘எப்போதும் ஒரே காலில் நின்று ஆடினால் வலிக்குமே’ என்று பாண்டிய மன்னன் வேண்டியதால் இறைவன் கால் மாறி ஆடினார் என்பது திருவிளையாடல் கதை. இரண்டு ஊருக்கும் போய் வந்தவர்கள் மனத்தில் இரண்டு உருவங்களும் கலந்துவிடுகின்றன.

காலுக்குத் தெரியும்

கோயில் வாசலில் ஒரு சிறுமியைப் பார்த்தேன். பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறவள். தாயாருடன் வந்திருந்தாள். அவளைக் கேட்டேன்.

“இடது கால், அங்கிள்” என்று உடனே பதில் வந்தது.

“எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய்?”

“டீச்சர் தினமும் நிற்க வைப்பாங்க. வலது கால்தான் வலிக்கும்!”

எவ்வளவு அழகான பதில்! அவள் கண்ணால் பார்த்து மட்டும் கற்றவள் அல்ல. காலால் நின்று கற்றவள்.

சிதம்பரம் கோயில் கோபுரங்களில் பரத சாஸ்திரத்தின் 108 கரணங்களும் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. 1981-ம் ஆண்டு முதல் மகா சிவராத்திரியை ஒட்டி இங்கே நாட்டியாஞ்சலி விழாவும் நடைபெற்று வருகிறது. ஆட்டத்துக்குப் பேர்போன ஊர். அந்த ஊரிலேயே, ஆடுகிறவர்களுக்குத் தெரிந்தது, பார்க்கிறவர்களுக்கு மறந்துவிடுகிறது.

நடராஜர் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளும் ஞாபகத்தை நம்பி வேலை செய்வதில்லை. தென்னை ஓலையை அளவாக நறுக்கி, மடித்து, அதைக்கொண்டே அங்கங்களின் அளவைக் குறிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறவர்களுக்கே ஓலை அளவு வேண்டியிருக்கிறது. நமக்கு மாத்திரம் வேண்டாமா?

சிகாகோ ஆராய்ச்சி

மணலில் நடந்த பிக்காச்சு சண்டை கடலூரில் மட்டும் நடப்பதல்ல. உலகம் முழுவதும் நடக்கிறது!

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். 2022-ம் ஆண்டில் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது. எல்லாருக்கும் தெரிந்த 40 உருவங்களை எடுத்துக்கொண்டார்கள். கார்ட்டூன் பாத்திரங்கள், கம்பெனிச் சின்னங்கள் முதலியவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்கள். ஒன்று அசல். மற்ற இரண்டும் சிறிது மாற்றப்பட்டவை. ‘இவற்றில் எது அசல்?’ என்று 100 பேரைக் கேட்டார்கள்.

பெரும்பாலான உருவங்களில் பிரச்சினை இல்லை. ஆனால் 7 உருவங்களில் ஒரு விசித்திரம்! தப்பான படத்தையே பலரும் சுட்டிக் காட்டினார்கள். அதுவும் ஆளுக்கு ஒரு தப்பு அல்ல. எல்லாரும் ஒரே தப்பைச் செய்தார்கள்!

அந்த 7-ல் நம்முடைய பிக்காச்சுவும் ஒன்று. வால் நுனி கறுப்பு என்றே பலரும் நம்பினார்கள்.

இன்னொன்று ‘ஜார்ஜ்’ என்ற குறும்புக் குரங்கு. 1941-ம் ஆண்டில் புத்தகமாக வந்து, பின்னர் கார்ட்டூன் படமாகவும் ஆனது. ஜார்ஜுக்கு வால் கிடையாது! ஆனால் ‘குரங்கு என்றால் வால் இல்லாமலா?’ என்று மனம் தானாகவே ஒரு வாலை ஒட்டிவிடுகிறது.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இன்னொரு குரங்கைத் தெரியும். சுட்டி டி.வி.யில் தமிழ் பேசிய டோராவின் தோழன் புஜ்ஜி. புஜ்ஜிக்கு வால் உண்டு. சிவப்புப் பூட்ஸும் உண்டு. சரி, டோராவின் காலுறை என்ன நிறம்? கால்சட்டை என்ன நிறம்? படிப்பதை நிறுத்திவிட்டு, வீட்டுக் குழந்தையைக் கேளுங்கள். விடையைப் பின்னால் சொல்கிறேன்.

‘ஸ்டார் வார்ஸ்’ சினிமாவில் வரும் தங்க நிற இயந்திர மனிதனும் அந்த 7-ல் அடக்கம். முதல் படத்தில் அவனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வெள்ளி நிறம். ரசிகர்களோ ‘உச்சி முதல் பாதம் வரை தங்கம்’ என்றே நினைக்கிறார்கள்.

மண்டேலா பெயர் ஏன் வந்தது?

பலர் சேர்ந்து ஒரே தப்பை ஞாபகம் வைத்திருப்பதற்கு ‘மண்டேலா விளைவு’ என்று பெயர்.

தென் ஆப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1990-ல் விடுதலை ஆனார். 1994-ல் ஜனாதிபதி ஆனார். 2013-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி காலமானார்.

ஆனால் ‘அவர் 1980-களில் சிறையிலேயே இறந்துபோனார், செய்தியைக்கூட நான் பார்த்தேன்’ என்று பலர் உறுதியாகச் சொன்னார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் இப்படிச் சொன்னார்கள். அதனால்தான் இந்த விசித்திரத்துக்கு அவர் பெயர் வந்துவிட்டது.

‘உலகமே ரகசியமாக மாறிவிட்டது, எங்கள் ஞாபகம்தான் சரி’ என்று வாதாடுகிறவர்களும் உண்டு. கடற்கரைப் பையன் ‘படத்தை மாத்திட்டாங்க’ என்று சொன்னான் அல்லவா? அதே கதைதான். தப்பு நம்மிடம் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள மனத்துக்குப் பிடிப்பதில்லை!

மனம் காமிரா அல்ல

இதற்குக் காரணம் என்ன?

நம்முடைய மனம் காமிரா அல்ல. அது பார்த்ததை எல்லாம் அப்படியே படம் பிடித்து வைப்பதில்லை. முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ‘மஞ்சள் உடம்பு, நீண்ட காது, மின்னல் வால், பிக்காச்சு’. அவ்வளவு போதும். பிக்காச்சுவை அடையாளம் கண்டுகொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிறகு யாராவது துருவிக் கேட்கிறபோது, இல்லாத இடத்தை மனம் நிரப்பிக்கொள்கிறது. ஓட்டை விழுந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுவது மாதிரி! ஒட்டுத் துணியை எங்கிருந்து எடுக்கிறது? பக்கத்தில் கிடைப்பதிலிருந்து எடுக்கிறது. காது நுனியில் கறுப்பு இருக்கிறது. அதை வாலுக்கும் வைத்துவிடுகிறது.

இங்கிலாந்தில் பார்ட்லெட் என்ற மனநூல் அறிஞர், 1932-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு சுவையான சோதனையைச் சொல்கிறார். எகிப்து நாட்டுப் பழைய எழுத்தில் வரும் ஓர் ஆந்தைப் படத்தை ஒருவரிடம் காட்டினார்கள். அவர் அதை ஞாபகத்திலிருந்து வரைந்தார். அவர் வரைந்ததைப் பார்த்து அடுத்தவர் ஞாபகத்திலிருந்து வரைந்தார். இப்படியே கை மாறி, கை மாறிப் போயிற்று. கடைசியில் என்ன வந்தது தெரியுமா?

கறுப்புப் பூனை!

யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த உருவத்தின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் இந்த விளக்கம் மட்டும் போதாது என்கிறார்கள் சிகாகோ விஞ்ஞானிகள். தப்பாகச் சொன்னவர்கள், படத்தின் அந்தப் பகுதியைப் பார்க்காமல் விட்டவர்கள் அல்ல. அதைப் பார்த்தும் இருக்கிறார்கள்! சரியான படத்தைச் சற்று முன்பு காட்டிவிட்டு வரையச் சொன்னபோதும் சிலர் அதே தப்பைத்தான் வரைந்தார்கள். சில உருவங்களில் ‘வழக்கம் இப்படி’ என்ற எண்ணம் தப்புக்குக் காரணம். சில உருவங்களில் அந்த விளக்கமும் பொருந்தவில்லை. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

மடியில் இருக்கும் ரூபாய்

‘கார்ட்டூனை எப்போதோ பார்ப்பதுதானே? அடிக்கடி பார்த்தால் மறக்காது’ என்று நீங்கள் சொல்லலாம்.

அடிக்கடி பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ இருக்கும் ரூபாய் நோட்டு. எடுக்காமல் பதில் சொல்லுங்கள். அதன் பின்பக்கத்தில் மொழிகளின் பட்டியல் இருக்கிறதே, அதில் தமிழ் மேலிருந்து எத்தனையாவது? புதிய 50 ரூபாய் நோட்டின் பின்னால் என்ன படம்? புதிய 10 ரூபாய் நோட்டில்?

தெரியவில்லையா? கவலை வேண்டாம். பலருக்கும் தெரியாது. அந்தப் பட்டியலில் 15 மொழிகள். தமிழ் 13-வது. புதிய 50 ரூபாயில் ஹம்பியின் கல் தேர். புதிய 10 ரூபாயில் கோனாரக் சூரியன் கோயிலின் சக்கரம்.

அமெரிக்காவில் 1979-ல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், அந்நாட்டு ஒரு செண்ட் நாணயத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார்கள். தினமும் கையில் புரளும் காசு! ஆனாலும் சரியாக வரைய முடியாமல் பெரும்பாலோர் திணறினார்கள். 2015-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், கடித்த ஆப்பிள் பழச் சின்னத்தை 85 மாணவர்கள் வரைந்தார்கள். பிழை இல்லாமல் வரைந்தவர் ஒரே ஒருவர்!

செலவு செய்யக் காசைத் தெரிந்தால் போதும். வரையத் தெரிய வேண்டியதில்லை. ஆகவே மனம் அந்தப் பாரத்தைச் சுமப்பதில்லை. இது குறை அல்ல, சிக்கனம்!

கோர்ட்டுக்கு வந்தால்?

பிக்காச்சுவின் வால் கறுப்பாக இருந்தால் என்ன, மஞ்சளாக இருந்தால் என்ன? யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் இதே தப்பு போலீஸ் நிலையத்திலும் கோர்ட்டிலும் நடந்தால்?

1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் எலிசபெத் லாப்டஸ் என்ற பெண் அறிஞர், தம் தோழருடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். கார்கள் மோதிக்கொள்ளும் சினிமாத் துண்டை மாணவர்களுக்குக் காட்டினார். ‘கார்கள் இடித்தபோது என்ன வேகம்?’ என்று 50 பேரைக் கேட்டார். ‘கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?’ என்று வேறு 50 பேரைக் கேட்டார். மாறியது ஒரு சொல்தான்.

ஒரு வாரம் கழித்து எல்லாரையும் கேட்டார்: “உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?”

படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! ஆனால் ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர் ‘பார்த்தோம்’ என்றார்கள். ‘நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் ‘பார்த்தோம்’ என்றார்கள். கேட்டவர் சொன்ன ஒரு சொல், சாட்சியின் ஞாபகத்துக்குள் கண்ணாடித் துண்டுகளைப் போட்டுவிட்டது!

இது வெறும் சோதனை. நிஜத்தில் நடந்ததைக் கேளுங்கள். வட கரோலினா மாகாணத்தில் 1984-ல் ஒரு பெண்ணுக்குக் கொடுமை இழைக்கப்பட்டது. அந்தப் பெண் குற்றவாளியின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். போலீசார் காட்டிய படங்களில் ரொனால்டு காட்டன் என்பவரைச் சுட்டிக் காட்டினாள். கோர்ட்டிலும் உறுதியாகச் சாட்சி சொன்னாள். அவருக்கு நீண்டகாலச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவர் குற்றவாளி அல்ல! 1995-ல் மரபணுச் சோதனை நடந்தது. உண்மைக் குற்றவாளி வேறொருவன் என்று தெரிந்தது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் வாடிய காட்டன் விடுதலை ஆனார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. மனமறிந்து யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அவளுடைய ஞாபகம்தான் முகத்தை மாற்றிவிட்டது. அவள் அவரிடம் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்தார். பின்னாளில் இருவரும் சேர்ந்து, சாட்சிகளின் தவறு பற்றி ஊர் ஊராகப் பேசினார்கள்.

நம் நாட்டில் அடையாள அணிவகுப்பு என்று ஒன்று நடத்துகிறார்களே, அதன் காரணம் இதுதான். சந்தேகத்துக்கு உரியவரை, ஏறக்குறைய அவரைப் போன்றே தோற்றம் உள்ள பலருடன் சேர்த்து நிறுத்துகிறார்கள். மாஜிஸ்திரேட் முன்னிலையில் சாட்சி வந்து அடையாளம் காட்ட வேண்டும். ‘இவன்தானே?’ என்று யாரும் விரலை நீட்டிக் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியே ஞாபகத்தைக் கெடுத்துவிடும்.

நான் தொலைந்த கதை

இதை எழுதும்போது எனக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. அது என் சொந்தக் கதை.

1996-ம் ஆண்டு. எனக்கு ஐந்து வயது. மார்கழித் திருவாதிரைத் தேர் பார்க்க, கடலூரிலிருந்து குடும்பத்தோடு சிதம்பரம் வந்திருந்தோம். மற்ற ஊர்களில் மூலவர் உள்ளேயே இருப்பார். உற்சவர் வீதிக்கு வருவார். தில்லையிலோ மூலவரான நடராஜப் பெருமானே தேர் ஏறி வருகிறார். விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமி அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். தெற்கு வீதியில் தலைக்கு மேல் தலை. அம்மா கையை நான் எப்போது விட்டேனோ தெரியாது. தொலைந்துவிட்டேன்.

அம்மா அழுதுகொண்டே ஓடி, ஒலிபெருக்கியில் சொல்லச் செய்தாள். “ஐந்து வயசுப் பையன். சிவப்புச் சட்டை போட்டிருக்கான்.”

நான் ஒரு வளையல் கடை ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேன். கடைக்கார அம்மாள் என்னை உட்கார வைத்து முறுக்கு கொடுத்தாள். ஒலிபெருக்கி அறிவிப்பு அவள் காதிலும் விழுந்தது. என்னைப் பார்த்தாள். என் சட்டை நீலம்! ‘பாவம், இது வேற பிள்ளை போல’ என்று இருந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. திரும்பத் திரும்பச் ‘சிவப்புச் சட்டை’ என்றே ஒலிபெருக்கி அலறியது. கடைசியில் அந்த அம்மாளுக்கு ஒரு யோசனை தோன்றியது.

“உன் பேர் என்னடா, கண்ணு? அப்பா பேர் என்ன?”

சொன்னேன். அடுத்த அறிவிப்பில் அதே பெயர் வந்தது. “சட்டை எப்படி இருந்தா என்ன? பேர் ஒத்துவருதே!” என்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று காலை எனக்குச் சட்டை மாட்டிவிட்டவளே அம்மாதான். அவளுக்கு எப்படி நிறம் மறந்தது? அந்தச் சட்டையின் மார்பில் ஒரு மிக்கி மவுஸ் படம் இருந்தது. மிக்கியின் கால்சட்டை சிவப்பு! பதற்றத்தில் இருந்த மனம், படத்தின் நிறத்தை எடுத்துச் சட்டைக்கே பூசிவிட்டது.

பெற்றோர்களே, கவனியுங்கள்!

திருவிழாவுக்குப் புறப்படும் முன்பு, அன்றைய உடையோடு குழந்தையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால், ஞாபகத்தை நம்பாதீர்கள். படத்தைக் காட்டுங்கள்.

குழந்தைக்குத் தன் பெயர், தாய் தந்தை பெயர், ஊர், ஒரு தொலைபேசி எண் இவற்றைச் சொல்லப் பழக்குங்கள். சட்டை நிறம் மாறலாம். பெயர் மாறாது.

விபத்தையோ திருட்டையோ பார்த்தால், பிறரோடு பேசும் முன்பு, கண்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பத்துப் பேர் பேச்சைக் கேட்ட பிறகு, அவர்கள் கண்டதும் நீங்கள் கண்டதும் கலந்துவிடும்.

குழந்தையிடம் விசாரிக்கும்போது, ‘சிவப்புச் சட்டைக்காரன்தானே அடித்தான்?’ என்று கேட்காதீர்கள். ‘என்ன நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள்.

முக்கியமாக ஒன்று. ஞாபகத் தவறு வேறு, பொய் வேறு. கணவன் மனைவி சண்டையில் பாதி, ‘நீ சொன்னாய்’, ‘நான் சொல்லவில்லை’ என்பதில்தான் வருகிறது. இரண்டு பேரும் உண்மையைப் பேசுகிறவர்களாகவே இருக்கலாம்!

டோராவின் கால்சட்டை ஆரஞ்சு நிறம். காலுறை மஞ்சள். குழந்தை சரியாகச் சொன்னதா?

பெட்டியில் இருந்த சட்டை

சிதம்பரத்திலிருந்து திரும்பியதும் கடற்கரைத் தாத்தாவைத் தேடிப் போய்ச் சேதி சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. தாத்தாவுக்கு இன்னொரு டம்ளர் காபி கொடுத்தாள். அந்தச் சிரிப்பே போதும்!

பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன். என் சிறு வயதுச் சட்டைகளை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். அடியில் அந்தச் சட்டை கிடைத்தது. நல்ல நீலம். மார்பில் மிக்கி. சிவப்புக் கால்சட்டை. தோள் வார் இல்லை.

ஆனால் எனக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. என் ஞாபகத்தில் அந்த மிக்கி ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக அப்படியே நினைத்திருந்தேன். சட்டையிலோ, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறது!

சட்டையை அம்மாவிடம் காட்டினேன். “பார்த்தாயா, அம்மா? நீலம்!”

அம்மா சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“சிவப்புதாண்டா. சாயம் போயிடுச்சு” என்றாள்.